விரைந்த தாளம், அமர்ந்த மனம்

இசையின் வேகம் கூடினால் கேட்பவரின் இதயத் துடிப்பும் மூச்சும் கூடும். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்து உறுதி செய்யப்பட்ட செய்தி இது. இந்தக் கணக்கை நம்பினால், 1996இல் வெளிவந்த ‘ட்ரீம்லேண்ட்’ என்ற ஆல்பம் கேட்பவர்களைப் பதற வைத்திருக்க வேண்டும். அதைத் தொடங்கிவைக்கும் ‘சில்ட்ரன்’ என்ற பாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 துடிப்பு வேகத்தில் ஓடுகிறது. ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவைதான் துடிக்கும். இயல்பாக நடப்பவர் நிமிடத்துக்கு 120 அடிக்கு அருகே எடுத்துவைப்பார். இரண்டையும் தாண்டி ஓடுகிற தாளம் இது. ஆனால் அந்தப் பாடலைக் கேட்டவர்கள் அதைத் தாலாட்டு போல, விடியற்காலை போல, கனவு போல என்றுதான் விவரித்தார்கள். அந்த இசைவகைக்கே ‘ட்ரீம் ட்ரான்ஸ்’ என்று பெயர் நிலைத்தது. ராபர்ட் மைல்ஸ் என்ற பெயரில் இசையமைத்த ராபர்ட்டோ கொன்சினாவின் முதல் ஸ்டுடியோ ஆல்பம் அது. பெரும்பகுதி சொற்களே இல்லாத கருவியிசை. ‘சில்ட்ரன்’ ஐரோப்பாவின் பல நாடுகளில் முதலிடத்தையும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. 1997இல் பிரிட் விருது விழாவில் சிறந்த வெளிநாட்டுப் புதுவரவுக்கான விருது அவருக்குக் கிடைத்தது. வேகமான தாளம் எப்படி அமைதியைத் தந்தது என்ற கேள்வியை ரசனையின் கேள்வியாக மட்டும் விட்டுவிடக் கூடாது. இசைக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் எளிதாக நம்பிவிடுகிற ஒரு கருத்தைத் திருத்திக்கொள்ள இந்த ஆல்பம் நல்ல வாய்ப்பு. வேகமும் கிளர்ச்சியும் ஒன்றல்ல. ஒன்றைக் குறைக்காமலேயே மற்றதைக் குறைக்க முடியும். ‘ட்ரீம்லேண்ட்’ அதைத்தான் செய்தது என்பது என் வாதம்.

கொன்சினா இந்த அமைதியைத் தற்செயலாக அடையவில்லை. 1969இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே என்ற ஊரில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்து, வடகிழக்கு இத்தாலியின் ஃபகான்யாவில் வளர்ந்தவர் அவர். சிறுவயதில் பியானோ கற்றவர்; பிறகு நடன அரங்குகளில் டி.ஜே. ஆனவர். ‘சில்ட்ரன்’ பிறந்ததற்கு இரண்டு காரணங்களை அவர் சொல்லியிருக்கிறார். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கு நிவாரணப் பணிக்காகச் சென்று திரும்பிய அவருடைய தந்தை கொண்டுவந்த படங்கள் ஒன்று; போரில் சிக்கிய குழந்தைகளின் படங்கள் அவை. இன்னொன்று இத்தாலியின் நெடுஞ்சாலைகள். அந்தக் காலத்தில் இரவு முழுக்க ஆடிவிட்டு விடியற்காலையில் காரோட்டி வீடு திரும்பிய இளைஞர்கள் விபத்துகளில் மாண்டுகொண்டிருந்தார்கள். இத்தாலியப் பத்திரிகைகள் அதைச் சனிக்கிழமை இரவின் படுகொலை என்றே எழுதின. அரங்கை விட்டு வெளியேறும் முன் ஆட்டக்காரர்களின் கொதிப்பைத் தணிக்கிற மாதிரி ஒரு பாடலை இரவின் கடைசியில் வைக்க வேண்டும் என்பது கொன்சினாவின் எண்ணம். ஆக, இது ஒரு பொறியியல் சிக்கலைப் போல அவர் முன் நின்றது. நடன அரங்கின் இசை அறுபடாமல் ஓட வேண்டும். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு டி.ஜே. மாறும்போது துடிப்பின் வேகம் பொருந்தி வர வேண்டும். திடீரென்று வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தளம் காலியாகிவிடும். வேகத்தில் கை வைக்காமல் மனத்தை இறக்க வேண்டும். முடியுமா?

முடியாது என்று சொல்லத்தான் முதல் சான்றுகள் தூண்டுகின்றன. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்கள் 12 பேர், இசை படிக்காதவர்கள் 12 பேர். அவர்களுக்குச் செவ்வியல், ராப், டெக்னோ, இந்திய ராகம் என்று பல வகை இசையைப் போட்டுக்காட்டி மூச்சு, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவற்றை அளந்தார்கள். தாளம் வேகமாகவும் லய அமைப்பு எளிமையாகவும் இருக்கும்போது மூன்றுமே உயர்ந்தன. கேட்பவரின் சொந்த விருப்பு வெறுப்பைவிட வேகமே அதிகம் பேசியது. காரோட்டுதலுக்கு வந்தால் இஸ்ரேலின் வாரன் ப்ராட்ஸ்கி 2001இல் வெளியிட்ட முடிவு இன்னும் நேரடியானது. கணினிவழிப் போலிச் சாலையில் மாணவர்களை ஓட்டவிட்டு, மெதுவான இசையிலிருந்து வேகமான இசை வரை மாற்றிப் போட்டார். இசையின் வேகம் ஏற ஏற அவர்கள் ஓட்டிய வேகமும் ஏறியது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற தவறுகளும் கூடின. எண்ணை மட்டும் பார்த்தால், 137 துடிப்பில் ஓடும் ஒரு பாடலைப் போட்டு ஓட்டுநரை அமைதிப்படுத்த நினைத்தவரின் கணக்கு தலைகீழாகத் தெரியும். ஒன்று, கொன்சினாவின் உள்ளுணர்வு தவறாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அட்டையில் குறிக்கப்படும் துடிப்பு எண்ணும் உடல் உணர்கிற வேகமும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் சரி என்று நினைக்கப் போதுமான காரணம் இருக்கிறது. வேகம் என்பது ஒலியில் மட்டும் இருக்கிற பொருளல்ல. கேட்பவரின் மூளை எந்த அடுக்கைத் துடிப்பாக எடுத்துக்கொள்கிறது என்பதையும் பொறுத்தது. நமக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரே ஆதி தாளத்தில் ஒருவர் கையை ஒரு களையில் போடுவார், இன்னொருவர் இரண்டு களையில் போடுவார். மேடையில் ஒலிப்பது ஒரே பாட்டு, கைகள் அசையும் வேகம் மட்டும் வேறு. இதை மூளையிலேயே அளந்து காட்டியது 2011இல் சில்வி நொசரதானும் குழுவினரும் செய்த சோதனை. வினாடிக்கு 2.4 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 144 துடிப்பு கொண்ட ஒரு சீரான ஒலியைப் போட்டார்கள். ட்ரான்ஸ் இசையின் வேகத்துக்கு மிக அருகில் இருப்பதால் இந்த எண்ணே நமக்கு வசதி. ஒலியில் எந்த அழுத்தமும் இல்லை, எல்லாத் துடிப்பும் ஒன்று போலவே. கேட்பவர்களிடம் அதை இரண்டிரண்டாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள், பிறகு மும்மூன்றாக. தலையில் பொருத்திய மின்முனைகள் காட்டிய அலைகளில் 2.4 ஹெர்ட்ஸ் இருந்தது. அதோடு இரண்டாகக் கற்பனை செய்தபோது 1.2 ஹெர்ட்ஸிலும், மூன்றாகக் கற்பனை செய்தபோது 0.8 ஹெர்ட்ஸிலும் தனியே மேடுகள் எழுந்தன. ஒலியில் இல்லாத தாளத்தை மூளை தானே எழுப்பிக்கொண்டது. 1.2 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 72. ஓய்வான இதயத்தின் வேகம் அது. 137 துடிப்புப் பாடலை 68 அல்லது 69 துடிப்பாகவும் ஒருவரால் கேட்க முடியும் என்றாகிறது. அப்படிக் கேட்கத் தூண்டுகிறதா, தடுக்கிறதா என்பது இசையமைப்பாளரின் கையில் இருக்கிறது.

‘சில்ட்ரன்’ எப்படித் தூண்டுகிறது? அதன் ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி மறைகின்றன என்று பார்க்க வேண்டும். நடன இசையின் கிக் டிரம் ஒலி சில மில்லி வினாடியில் உச்சத்தைத் தொட்டு, சுதி சரசரவென்று கீழே சரிந்து 50 ஹெர்ட்ஸ் அருகே அடங்கிவிடும். ஒவ்வொன்றும் ஒரு சிறு திடுக்கிடல். டெக்னோவில் இந்தத் திடுக்கிடலின் மேலேயே ஹை-ஹாட்டும் கூர்மையான சிந்தசைஸர் ஒலிகளும் வந்து குத்தும். எல்லா அடுக்கும் சேர்ந்து அதே வேகமான துடிப்பையே சுட்டிக்காட்டும். மைல்ஸ் செய்தது வேறு. கிக்கை அதன் இடத்தில் விட்டுவிட்டார். மேலே மெதுவாக எழுந்து மெதுவாகத் தேயும் சிந்தசைஸர் நாத விரிப்பைப் போட்டார். அதன் மேல் பியானோ. பியானோவின் ஒவ்வொரு ஸ்வரமும் கூர்மையாகத் தொடங்கினாலும் நீண்ட வாலோடு தேயும். அந்த வாலுக்குப் பின்னால் எதிரொலியும் அறை முழக்கமும் சேரும்போது ஸ்வரத்தின் விளிம்பு கரைந்துபோகிறது. அடுத்த ஸ்வரம் வரும் முன் இடைவெளி நிரம்பிவிடுகிறது. துடிப்பு தரைத்தளத்தில் இருக்கிறது, மெட்டு அதற்கு மேலே மிதக்கிறது. இந்த வேறுபாடு உடலுக்குப் பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டுதான். பாத்ரிக் கோமஸும் பிரிஜித்தா டனுசரும் 2007இல் இசையின் பல கூறுகளைத் தனித்தனியே பிரித்து, மூச்சு, தோலின் மின்கடத்துதிறன், இதயத் துடிப்பு ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தார்கள். உடலோடு வலுவாகப் பிணைந்திருந்த கூறுகள் மூன்று. வேகம் அவற்றில் ஒன்றுதான். ஒலிகளின் அழுத்தமும், அவை துண்டு துண்டாக ஒலிக்கின்றனவா ஒன்றோடொன்று இழைந்து ஒலிக்கின்றனவா என்பதும் மற்ற இரண்டு. இம்மூன்றும் சாதாரண இசையில் கைகோத்தே வரும்: வேகமான பாட்டு பெரும்பாலும் அழுத்தமாகவும் துண்டு துண்டாகவும் இருக்கும். அதனால்தான் வேகத்தின் மேல் எல்லாப் பழியும் விழுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் திருப்பிப்போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் மில்லி வினாடிக் கணக்கில் கேட்பதற்குப் பத்தாண்டு முன்பே ஒரு டி.ஜே. தன் ஸ்டுடியோவில் காதால் கேட்டு விடை கண்டிருந்தார்.

இன்னும் பெரிய அடுக்கு ஒன்று இருக்கிறது. இந்த ஆல்பத்தின் அமைதிக்கு அதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். 137 துடிப்பில் ஒரு துடிப்புக்கு 0.44 வினாடி. நான்கு துடிப்பு கொண்ட ஓர் ஆவர்த்தம் 1.75 வினாடி. நான்கு ஆவர்த்தம் சேர்ந்த ஒரு வாக்கியம் 7 வினாடி, எட்டு சேர்ந்தால் 14 வினாடி. ட்ரான்ஸ் இசை இந்தப் பெருங்கட்டுகளில்தான் சிந்திக்கிறது. ஒரு புது ஒலி நுழைவதும் பழையது விலகுவதும் இந்த எல்லைகளில்தான். காது துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மனம் ஏழு வினாடி, பதினான்கு வினாடி அலைகளில் ஏறி இறங்குகிறது. பெர்னார்டியின் குழு 2009இல் செய்த இரண்டாவது ஆய்வு இங்கே உதவுகிறது. பாடகர் குழுவைச் சேர்ந்த 12 பேருக்கும் இசைப் பயிற்சி இல்லாத 12 பேருக்கும் வெர்டி, புச்சினி, பீத்தோவன், பாக் ஆகியோரின் இசைப் பகுதிகளைப் போட்டார்கள். ஒலி படிப்படியாகப் பெருகும் இடங்களில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கின, இரத்த அழுத்தம் ஏறியது. அழுத்தம் ஒரே சீராக இருந்த இடங்களில் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியது. வெர்டியின் பாடல்களில் ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை வந்த வாக்கியங்களோடு கேட்பவர்களின் இரத்த ஓட்டத்தின் இயல்பான அலைகளும் இணைந்து அசைந்தன. 10 வினாடிக்கு ஒருமுறை என்பது இரத்த அழுத்தம் தானாகவே ஏறியிறங்கும் இயற்கை ஓட்டம். நிதானமாக மூச்சு விடுகிறவரின் மூச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான். உடல் துடிப்புக்கு மட்டும் பதில் சொல்வதில்லை, வாக்கியத்துக்கும் பதில் சொல்கிறது. ‘ட்ரீம்லேண்ட்’டின் 7 வினாடி வாக்கியம் வெர்டியின் 10 வினாடி வாக்கியம் அல்ல என்பது உண்மை. ஆனால் அது 0.44 வினாடித் துடிப்பிலிருந்து வெகு தொலைவிலும் வெர்டியிலிருந்து கொஞ்சம் தொலைவிலும் இருக்கிறது.

பாடலின் நடுவே தாளம் விலகி, பியானோவும் நாத விரிப்பும் மட்டும் எஞ்சுகிற இடம் ஒன்று வரும். ட்ரான்ஸ்காரர்கள் இதை பிரேக்டவுன் என்பார்கள். அந்த இடத்தில் தாளம் நின்றுவிட்டதா? ஒலியில் நின்றுவிட்டது, கேட்பவரிடம் நிற்கவில்லை. புடாபெஸ்ட்டின் இஸ்த்வான் விங்க்ளரும் ஆம்ஸ்டர்டாமின் ஹென்க்யன் ஹோனிங்கும் சக ஆய்வாளர்களும் 2009இல் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு, அவை உறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு டிரம் தாளத்தைப் போட்டார்கள். இடையிடையே சமத்தில் விழ வேண்டிய அடியை விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில் குழந்தைகளின் மூளை அலைகள் எதிர்பார்த்தது வராததைக் காட்டின. பிறந்த சில நாளிலேயே நாம் வராத அடியைக் கேட்கிறோம். கச்சேரியில் தாளம் போடும் ரசிகரின் கையும் ஓசையில்லாத வீச்சில் இதைத்தான் சுமக்கிறது. பிரேக்டவுனில் ஆடுபவரின் கால் ஏறத்தாழ நின்றுவிடும்; ஆஸ்லோவில் ராங்ன்ஹில்ட் சொல்பெர்க்கும் அலெக்சாண்டர் ரெஃப்சும் யென்செனியுஸும் ஆடுபவர்களின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்தபோது, இந்த இடத்தில் அசைவு குறைவதையும் தாளம் திரும்பி வரும்போது பாய்ந்து எழுவதையும் கண்டார்கள். பெர்னார்டியின் 2006 ஆய்வில் நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த முடிவு இதுதான்: பாடல்களுக்கு நடுவே அவர்கள் 2 நிமிட மௌனம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அந்த மௌனத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சும், இசை தொடங்கும் முன் இருந்த ஓய்வு நிலையையும் விடக் கீழே இறங்கின. வேகமான இசையே உடலை ஏற்றுகிறது. அது விலகும்போது உடல் வெறும் ஓய்வைவிட ஆழமான ஓய்வுக்குப் போகிறது. இசை இல்லாமல் அந்த மௌனம் அந்த ஆழத்தைத் தந்திருக்காது. நான்கு மணி நேரம் கிக் டிரம் அடித்த அரங்கில் பியானோ மட்டும் ஒலிக்கும் ஒரு நிமிடம் எப்படி இறங்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ‘ட்ரீம்லேண்ட்’டின் அமைதி அதன் வேகத்தையும் மீறி வந்தது என்றுதான் இதுவரை எழுதிவந்தேன். இந்த இடத்தில் மட்டும் அது வேகத்தாலேயே வந்தது என்று சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். பிரேக்டவுன் அமைதி அல்ல, காத்திருப்பு; தாளம் எப்போது திரும்பும் என்று உடல் இறுகி நிற்கும் நேரம் என்பார்கள். மான்ட்ரியலில் வலோரி சாலிம்பூரும் ராபர்ட் சட்டோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த மறுப்புக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றும். இசை கேட்டு மயிர்க்கூச்செறியும் 8 பேரின் மூளையைப் படமெடுத்தபோது, உச்சகட்டத்துக்கு முந்தைய எதிர்பார்ப்பில் காடேட் என்ற பகுதியிலும், உச்சத்தில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியிலும் டோபமைன் சுரந்ததைக் கண்டார்கள். காத்திருப்பும் கிளர்ச்சிதான். இதை ஏற்கிறேன். ஆனால் காத்திருப்பில் இரண்டு வகை உண்டு. பின்னாளைய நடன இசையில் பிரேக்டவுன் முடியும் தறுவாயில் ஸ்நேர் டிரம் இரட்டித்து இரட்டித்து விரையும், சுதி மேலேறும், இரைச்சல் பெருகும். கேட்பவர் விளிம்பில் நிறுத்தப்படுவார். படிப்படியாகப் பெருகும் ஒலி இரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்று பெர்னார்டியின் 2009 ஆய்வு காட்டியது இதற்குத்தான் பொருந்தும். ‘சில்ட்ரன்’ போன்ற பாடலில் பியானோ திரும்பத் திரும்ப அதே மெட்டைச் சொல்கிறது. அடுத்து என்ன வரும் என்பது கேட்பவருக்குத் தெரியும், எப்போது வரும் என்பதும் தெரியும். நிச்சயமாக வரப்போகிறவருக்காக வாசலில் காத்திருப்பதற்கும், வருவாரா மாட்டாரா என்று காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இன்னொரு மறுப்பு ஒலியின் அளவைப் பற்றியது. நடன அரங்கில் கேட்பதும் காருக்குள் கேட்பதும் ஒரே பாடலா? இல்லை. மான்செஸ்டரின் நீல் டாட் 2000இல் ஃப்ரெட்ரிக் கோடியோடு சேர்ந்து, 90 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும் நடன இசை காதின் கேட்கும் பகுதியோடு நின்றுவிடாமல், உடலின் சமநிலையை உணரும் சாக்யூல் என்ற சிறு பையையும் தூண்டுகிறது என்று காட்டினார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கேமரனும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட சோதனை இன்னும் விந்தையானது. நேரடிக் கச்சேரி ஒன்றின் நடுவே 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலிகளை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தார்கள். ஒலிப்பதும் நிற்பதும் கேட்பவர்களுக்குத் தெரியவே இல்லை. ஆனால் ஒலித்தபோது அவர்கள் 11.8 சதவீதம் அதிகமாக ஆடினார்கள். சாதாரணக் கார் ஒலிபெருக்கியில் இந்தத் தாழ்வொலிகள் வலுவாக வராது. கிக்கின் உடல் காருக்குள் கழன்றுபோகும். மெட்டின் நடுத்தர ஒலிகள் மட்டும் முழுமையாக வந்துசேரும். இது என் வாதத்தைக் குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. தரைத்தளத்தில் ஒரு துடிப்பும் மேலே ஒரு மெட்டுமாகப் பிரித்து அமைக்கப்பட்ட பாடல், அரங்கில் ஆட்டப் பாடலாகவும் வானொலியில் பியானோப் பாடலாகவும் இருவேறு உயிர் வாழ முடிந்தது இந்தப் பிரிப்பால்தான். எல்லா அடுக்கிலும் துடிப்பையே திணித்த டெக்னோ பாடல்கள் பல அரங்கை விட்டு வெளியே வரவில்லை.

‘ட்ரான்ஸ்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு வருகிற விளக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். சீரான தாளம் மூளை அலைகளைத் தன் வேகத்துக்கு இழுத்து மெய்மறந்த நிலையை உண்டாக்கிவிடும் என்ற கருத்து 1960களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் டிரம் ஒலிகளைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்து பரவியது. பிரெஞ்சு இசையியலாளர் ழில்பெர் ரூஜே 1980இல் எழுதிய பெரிய நூலில் இதை மறுத்தார்: தாளம் தானாகவே ஆட்கொண்டுவிடும் என்றால் அதைக் கேட்கும் எல்லோரும் எப்போதும் சாமியாட வேண்டும், அப்படி நடப்பதில்லை. சடங்கும் நம்பிக்கையும் கற்றலும் சேர்ந்தே அந்நிலை வருகிறது. நம் ஊர் உடுக்கைக்கும் பம்பைக்கும் இது அப்படியே பொருந்தும், வாசிப்பவர் சாமியாடுவதில்லை. நொசரதானின் சோதனையில் கண்ட 2.4 ஹெர்ட்ஸ் அலை துடிப்பைத் தொடரும் அலை மட்டுமே. மயக்க நிலைக்கு அது சாட்சி அல்ல.

மெட்டு மைனர் ஸ்கேலில் இருப்பதால்தான் மனம் இறங்குகிறது, மற்றதெல்லாம் அலங்காரம் என்பாரும் உண்டு. மேற்கத்திய மைனர் ஸ்கேலின் இயல்பு வடிவம் நம் நடபைரவி மேளத்தின் ஸ்வரங்கள்தாம். அதே ஸ்வரக்கூட்டத்தில் நாம் சோகத்தை மட்டும் கேட்பதில்லை என்பது கர்நாடக இசையைக் கேட்கும் எவருக்கும் தெரியும். மைனர் என்றால் துயரம் என்ற இணைப்பு பெரும்பகுதி வளர்ப்பில் வருவது. ஐரோப்பியக் காதுகளில் அந்த இணைப்பு வலுவாக வேலை செய்திருக்கும் என்பதை மறுக்க முடியாது. குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர் அந்த ஸ்வரங்களைத் தேர்ந்ததும் அதே வளர்ப்பால்தான். ஆனால் மைனரில் அமைந்த கொந்தளிப்பான டெக்னோ பாடல்கள் எத்தனையோ உண்டு. ஸ்கேல் துயரத்தின் சாயலைத் தரலாம். கொதிப்பைத் தணிக்கும் வேலையை அது தனியாகச் செய்யாது.

கடைசி மறுப்பே எனக்குக் கனமானது. இவ்வளவும் சரியாக இருந்தாலும், அந்த ஆல்பம் வென்றது இதனால்தான் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் 14,341 பேர், அறிமுகமில்லாத 48 பாடல்களைக் கேட்டார்கள். மற்றவர்கள் எதை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்று காட்டியபோது, தனித்தனிக் குழுக்களில் வெவ்வேறு பாடல்கள் உச்சிக்குப் போயின. மிக நல்லவை படுதோல்வி அடைவதும் மிக மோசமானவை பெருவெற்றி அடைவதும் அரிது. நடுவில் உள்ளவற்றின் தலைவிதி கூட்டத்தின் கையில். 1995-96இல் ஐரோப்பாவின் இளைஞர்கள் எதைத் தேடினார்கள், எந்த வானொலி எதை ஒலிபரப்பியது என்பதையெல்லாம் பியானோவின் எதிரொலி விளக்காது. ஒரு படைப்பு விற்பதும் அது உடலில் ஏற்படுத்தும் விளைவும் தனித்தனிக் கேள்விகள். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதிலும் 8 பேர், 24 பேர் என்று சிறு குழுக்களில் நடந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு திட்டவட்டமான அளவுகளைச் சொல்லிவிட முடியாது. தனித்தனியே வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கருவிகளால் எடுத்த அளவுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதே என் நம்பிக்கைக்கு ஆதாரம்.

இதே நேர்மையோடு சாலை விபத்துகளைப் பற்றியும் பேச வேண்டும். இந்த இசை உயிர்களைக் காத்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். விடியற்கால விபத்துகளுக்குக் களைப்பும் மதுவும் போதைப்பொருளும் நீண்ட தூரமும் காரணங்கள். ஒரு பாடல் இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைக்காது, தூக்கத்தைத் துரத்தாது. தணிந்த மனம் தூங்கி வழியும் அபாயமும் இருக்கிறது. தன் தலைமுறையினர் சாலையில் மாள்வதைப் பார்த்த ஒருவர், தன் கைக்கெட்டிய ஒரே கருவியால் எதையாவது செய்ய முயன்றார். அந்த அக்கறை மெய்யானது, நெஞ்சைத் தொடுவது. அதன் மதிப்பைக் காட்ட, காப்பாற்றப்பட்ட உயிர்களின் எண்ணிக்கை தேவையில்லை.

கொன்சினா அதே சூத்திரத்தை விற்றுக்கொண்டிருக்கவில்லை. 2001இல் வந்த ‘ஆர்கானிக்’ ஆல்பத்தில் நடனத் துடிப்பை விட்டே விலகினார். 2004இல் இந்தியத் தாளக் கலைஞர் திரிலோக் குர்ட்டுவோடு சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார். துடிப்பைச் சீராக நான்கு நான்காக அடுக்கியவர், எண்ணிக்கைகள் மடிந்து விரியும் லயக்காரரிடம் போய்ச் சேர்ந்தார். 2017இல் இபிசாவில் 47 வயதில் காலமானார். ‘ட்ரீம்லேண்ட்’டை இன்று திரும்பக் கேட்பவருக்கு அதன் பாடல் வரிசையிலேயே ஓர் ஆய்வுத் திட்டம் கிடைக்கிறது. ‘சில்ட்ரன்’ அதில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ‘ஃபேபிள்’ என்ற பாடலும் அப்படியே இரண்டு வடிவங்களில். இவற்றை எடுத்துக்கொண்டு, கேட்பவரின் மூச்சையும் தோலின் மின்கடத்துதிறனையும் அளந்தால் போதும். வேகம்தான் எல்லாம் என்றால் ஒரு பாடலின் இரு வடிவங்களுக்கும் இடையே, வேகத்தைச் சமமாக்கிய பிறகு, உடலில் வேறுபாடு தெரியக் கூடாது. ஒலிகளின் விளிம்பும் அழுத்தமும் வாக்கியத்தின் நீளமும்தான் மனத்தை இறக்குகின்றன என்ற என் வாதம் சரியென்றால் வேறுபாடு தெரிய வேண்டும். தாளம் விலகும் இடங்களில் அது மிகத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதுவும் பாடலுக்கு முன் மௌனம் கேட்டவர்களைவிட, ஒரு மணி நேரம் கிக் டிரம் கேட்டவர்களிடம் கூடுதலாக.